தண்ணீர் வங்கியில் யாருக்குக் கணக்கு?

வறட்சி வரும்போதெல்லாம் கூடவே ஒரு வைத்தியமும் வந்துவிடுகிறது. தண்ணீருக்கு விலை இல்லாததால்தான் அது வீணாகிறது. விலை வைத்தால் சிக்கனம் தானாக வரும். வாங்கவும் விற்கவும் ஒரு சந்தையை அமைத்துவிட்டால் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்கிறார்கள். 1992இல் டப்ளினில் கூடிய நீர் வல்லுநர்கள் தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாக அங்கீகரிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அடிப்படைத் தேவை போக மீதித் தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்று இந்தியாவின் 2012 தேசிய நீர்க் கொள்கையும் எழுதிக்கொண்டது.

பாசன நீரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் இந்தப் பேச்சைக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறேன். அப்படியொரு அரங்கில் சாதி பற்றி நான் கேட்ட கேள்விக்கு ஒரு பேராசிரியர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "சந்தைக்குச் சாதி தெரியாது. பணம் கொடுத்தால் தண்ணீர்." பலரும் தலையாட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டீக்கடையில் தனிக்குவளை வைத்தவனும் காசு வாங்கிக்கொண்டுதான் டீ ஊற்றினான் என்பது அந்த அரங்கில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

முதலில் அவர்கள் சொல்வது என்ன என்பதை நேர்மையாகப் பார்த்துவிடுவோம். தண்ணீர்ச் சந்தை என்றால் டேங்கர் லாரியும் கேன் தண்ணீரும் மட்டுமல்ல. ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கலாம் என்று ஒருவருக்கு எழுத்தில் தரப்படும் உரிமை ஒரு சொத்தாகிறது. அந்தச் சொத்தை நிரந்தரமாகவோ ஒரு பருவத்துக்கு மட்டுமோ இன்னொருவருக்கு விற்கலாம். தண்ணீர் வங்கி என்பது இந்த வியாபாரத்துக்கு நடுவே நிற்கும் நிறுவனம். கையில் உரிமை வைத்திருப்போரிடம் வாங்கி, வேண்டுவோருக்கு விற்கும். நல்ல மழை பெய்த ஆண்டில் தண்ணீரை நிலத்தடியில் இறக்கி வைத்து, பஞ்ச காலத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இதே பெயர்தான்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் கலிபோர்னியா. 1991 வறட்சியில் அந்த மாநில அரசு ஒரு தண்ணீர் வங்கியைத் திறந்தது. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரை 125 டாலருக்கு வாங்கி 175 டாலருக்கு விற்றது. 8 லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் அப்படி வாங்கப்பட்டது. நகரங்கள் பிழைத்தன. தண்ணீரை விற்ற விவசாயிகளில் பலர் அந்த ஆண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அவர்களுக்குக் கையில் காசு. அந்த நிலத்தில் நாற்றும் களையும் அறுவடையுமாகப் பிழைத்திருக்க வேண்டிய கூலியாட்களுக்கு? அவர்களிடம் விற்பதற்குத் தண்ணீர் இல்லை. அதனால் வங்கியின் பேரேட்டில் அவர்கள் பெயரும் இல்லை.

அதே மாநிலத்தின் கெர்ன் தண்ணீர் வங்கிக்கு இன்னும் நல்ல கதை உண்டு. அரசு பொதுப்பணத்தில் சுமார் 20 ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கித் தொடங்கிய திட்டம் அது. 1990களின் நடுவில் மாநில அரசின் கையை விட்டுப் போனது. இன்று அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பாதாமும் பிஸ்தாவும் விளைவிக்கும் ஒரு பெரும் பண்ணை முதலாளிக் குடும்பத்தின் பிடியில் இருக்கிறது. அதற்கு வடக்கே, அதே பள்ளத்தாக்கில், அலன்ஸ்வொர்த் என்று ஒரு சிற்றூர். அடிமையாகப் பிறந்து ராணுவ அதிகாரியாக உயர்ந்த ஆலன் அலன்ஸ்வொர்த் 1908இல் கறுப்பின மக்களுக்காக உருவாக்கிய ஊர் அது. நிலம் விற்ற நிறுவனம் தருவதாகச் சொன்ன தண்ணீர் போதிய அளவு வந்து சேரவே இல்லை. பிறகு குடிநீரில் ஆர்செனிக் நஞ்சு கண்டறியப்பட்டது. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வானம். தண்ணீர் வங்கிக்கு நிறம் தெரியாது என்று அங்கேயும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

சந்தையில் ஒருவர் விற்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் சரக்கு இருக்க வேண்டும். வங்கியில் எடுக்க வேண்டுமென்றால் கணக்கில் தொடக்க இருப்பு இருக்க வேண்டும். இந்தியாவில் தண்ணீரின் தொடக்க இருப்பு யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது? சந்தைக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துத்தான் தங்கள் வாதத்தைத் தொடங்குகிறார்கள்.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தும் உரிமையை நிலத்தின் உரிமையாளருக்குத் தருகிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான், சட்டம் போகவில்லை. நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர். சரி, நிலம் யாரிடம்? 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவிகிதம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்யும் பரப்பு சுமார் 9 சதவிகிதம்தான். அதிலும் பெரும்பகுதி ஒரு கிணறு வெட்டினால் கிணறே நிலத்தைத் தின்றுவிடும் அளவுக்குச் சிறிய துண்டுகள். தமிழ்நாட்டில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பஞ்சமி நிலம் பறிபோனபோது மண் மட்டும் போகவில்லை. அதன் அடியில் இருந்த தண்ணீரும் அதே பத்திரத்தோடு போனது. பஞ்சமி நிலத்தில் போட்ட போர்வெல்லுக்கும் இன்று இலவச மின்சாரம் பாயும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. சிறு விவசாயிகள் பலரைத் தாங்கி நிற்கிற திட்டம் அது. ஆனால் மின் இணைப்பு வேண்டுமென்றால் கிணறு வேண்டும். கிணறு வேண்டுமென்றால் நிலம் வேண்டும். பொதுப்பணத்தில் ஓடுகிற மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரைப் பக்கத்து நிலத்துக்காரருக்கு விற்கும் ஏற்பாடு எந்த வல்லுநரும் சொல்லித் தராமலேயே நம் ஊர்களில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஆக, சந்தை புதிதாக வரப்போவதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாலே போதும்.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் 1990களில் தமிழகக் கிராமங்களின் நிலத்தடி நீர் விற்பனையை ஆராய்ந்தார். அதை அதிகாரத்துக்கும் சொத்துக் குவிப்புக்குமான ஊற்று என்றே அவர் விவரித்தார். தண்ணீர் வாங்கியவர் விலையை மட்டும் கொடுக்கவில்லை. விற்றவரின் வயலில் உழைப்பையும் சேர்த்துக் கொடுத்தார். காசு கொடுத்தால் சரக்கு, கணக்கு முடிந்தது என்று நடப்பதுதான் சந்தை. இங்கே கணக்கு முடிவதே இல்லை. பண்ணை அடிமைத்தனம் மோட்டார் ரூமுக்கு வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

"சந்தைக்குச் சாதி தெரியாது" என்பதற்கு நேரடிப் பதில் பொருளாதாரத் துறையிலிருந்தே வந்திருக்கிறது. பொருளியலாளர் சிவான் ஆண்டர்சன் உத்தரப் பிரதேசம், பீகார் கிராமங்களின் தரவுகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆதிக்க சாதிகள் பெரும் நிலவுடைமையாளர்களாக உள்ள கிராமங்களில் வாழும் ஒடுக்கப்பட்ட சாதி விவசாயிகளைவிட, தங்களைப் போன்றவர்களே நிலம் வைத்திருக்கும் கிராமங்களில் வாழும் அதே சாதி விவசாயிகளின் வருமானம் கணிசமாக அதிகம். காரணம் என்ன? சாதி எல்லையைத் தாண்டி நிலத்தடி நீர் வியாபாரம் நடப்பதில்லை. வாங்குபவர் தயார், தண்ணீரும் இருக்கிறது, லாபமும் உண்டு. ஆனாலும் விற்பதில்லை! சந்தைக்குச் சாதி தெரிந்திருக்கிறது. லாபத்தைவிடச் சாதியே பெரிது என்கிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது.

என் கள ஆய்வில், வடமாவட்டக் கிராமம் ஒன்றில், அரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மா இதையே எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் சொன்னார்: "காசு குடுத்தா தண்ணி வுடுவாங்க தம்பி. ஆனா எப்ப வுடணும்னு அவங்க நெனைக்கணும்." அவருடைய நெற்பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் நாளும், விற்பவரின் வயலில் களை எடுக்க ஆள் தேவைப்படும் நாளும் ஒன்றாகவே வரும். எது முதலில் நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நகரம் வாங்க வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் நம்மிடமே உண்டு. 2000களின் தொடக்கத்தில் குடிநீர்ப் பஞ்சம் முற்றியபோது சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர்ப் பக்கம் மாகரல், வெள்ளியூர் போன்ற ஊர்களின் பாசனக் கிணறுகளிலிருந்து விவசாயிகளிடம் தண்ணீரை விலைக்கு வாங்கியது. இலவச மின்சாரத்தில் இறைத்த தண்ணீருக்கு மாதந்தோறும் காசு வரும் என்றால் யார்தான் நெல் நடுவார்கள்? கிணற்றுக்காரர்களுக்கு அது நல்ல வருமானம். அவர்களை நான் திட்டவில்லை. ஆனால் நடவு நின்றால் சேரியில் அடுப்பு நிற்கும். நாற்று நடும் பெண்களுக்கு வேலைநாள் போனது, அவர்கள் ஊரின் நிலத்தடி நீரும் இறங்கியது. இந்தக் கொள்முதல் ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பே இல்லை. கலிபோர்னியாவின் பேரேட்டில் விட்டுப்போன அதே பெயர்கள்தான் இங்கும் விட்டுப்போயின.

இந்த இடத்தில் மகாத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மகாத் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1927 மார்ச் 20, சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் தண்ணீர் அருந்தியது, பிறகு ஆதிக்க சாதியினர் கோமியம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தது. தீட்டின் கதையாகவே அதைச் சொல்லிச் சொல்லி, அதில் இருந்த சொத்தின் கதையை நாம் மறந்துவிட்டோம். அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது சத்தியாகிரகத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டபோது எதிர்த் தரப்பு சாஸ்திரத்தை மட்டும் நம்பவில்லை. நீதிமன்றத்துக்குப் போனது. குளம் பொதுக்குளமே அல்ல, தனியார் சொத்து என்று வாதிட்டு இடைக்காலத் தடை வாங்கியது. தடையால் அன்று குளத்துக்குப் போவது தள்ளிவைக்கப்பட்டது. அந்த மாநாட்டில்தான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளம் நகராட்சிக்குச் சொந்தம், ஒடுக்கப்பட்டோரை விலக்கும் நெடுங்கால வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 1937இல். பத்து ஆண்டுகள்! மனுவால் முடியாததைப் பட்டாவை வைத்து முடிக்கப் பார்த்தார்கள். அந்தக் குளம் பொதுச்சொத்து என்று நிரூபிக்க முடிந்ததால்தான் வழக்கு வென்றது. தண்ணீரைத் தனிச்சொத்தாக்கு என்று இன்று கேட்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, மகாத் வழக்கில் தோற்ற தரப்பின் வாதத்தைத்தான் வைக்கிறார்கள்.

மகாத் இருக்கும் அதே மகாராஷ்டிரம்தான் 2005இல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, தண்ணீர் உரிமையைப் பருவத்துக்கோ ஆண்டுக்கோ கைமாற்றி விற்கலாம் என்று இந்தியாவில் முதன்முதலாக எழுதி வைத்தது. பாசன உரிமை யாருக்கு? பாசனப் பரப்பில் நிலம் வைத்திருப்போரின் சங்கங்களுக்கு. நிலமற்ற மகரும் மாங்கும் அங்கே யார்? யாருமில்லை. அந்தச் சட்டத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு: இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்கள் தண்ணீருக்கு ஒன்றரை மடங்கு கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு. சந்தையை நடுநிலையான இயந்திரம் என்று சொல்கிறவர்கள் எழுதிய சட்டத்துக்குள் இது எப்படி நுழைந்தது என்று யாராவது விளக்கினால் நன்றாயிருக்கும்.

"இந்தியாவில் நிர்வாகம் சரியில்லை, சரியாக நடத்தும் நாட்டைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். உலகிலேயே மிகவும் புகழப்படும் தண்ணீர்ச் சந்தை ஆஸ்திரேலியாவின் முர்ரே–டார்லிங் படுகை. 1994இல் தொடங்கிய சீர்திருத்தங்கள் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக்கின. பதிவேடு உண்டு, அளவுமானி உண்டு, தரகர்கள் உண்டு. அந்தப் படுகையின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் மக்கள்தொகையில் சுமார் 10 சதவிகிதம் பூர்வகுடிகள். மேற்பரப்பு நீரில் பூர்வகுடி அமைப்புகளிடம் உள்ள உரிமை 0.2 சதவிகிதம். அந்த அற்பமான உரிமையிலும் 2009க்கும் 2018க்கும் இடையில் சுமார் 17 சதவிகிதம் கைவிட்டுப் போனது. தண்ணீரை விற்கலாம் என்ற 'சுதந்திரம்' கடனில் இருப்பவனுக்குக் கிடைத்தால் அவன் விற்கத்தான் செய்வான். 2018இல் அந்நாட்டு அரசு பூர்வகுடிகளுக்காகத் தண்ணீர் வாங்க 4 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆண்டுகள் ஓடின, தண்ணீர் வாங்கப்படவில்லை, சந்தையில் விலை மட்டும் ஏறியது. 2023இல் தொகையைப் 10 கோடியாக உயர்த்தினார்கள். வெறும் நிலம் என்று சொல்லி ஒரு கண்டத்தையே இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள், எடுத்ததில் ஒரு துளியைத் திருப்பித் தரச் சந்தை விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அரசு அதிகாரி பங்கிட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா என்று தோழர்கள் கேட்கலாம். கிடைக்காது. ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று கட்டியது சந்தை அல்ல, அரசுதான். வேங்கைவயலைப் பற்றி இந்தத் தளத்திலேயே நிறைய எழுதப்பட்டுவிட்டதால் அதற்குள் போகவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறையும் பொய்யல்ல. ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைதான் வருகிறது என்று சொல்லும் ஊர்களை நானே பார்த்திருக்கிறேன். கட்டுப்பாடு வேண்டும். பங்கீடு வேண்டும். கைமாற்றுக்கூட வேண்டியிருக்கலாம். கைமாற்றுவதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு என்று எழுதும் அந்த முதல் வரியில்தான் என் சண்டை.

அந்த முதல் வரியை வேறு மாதிரி எழுதிக் காட்டியவர்களும் இதே நாட்டில் இருந்தார்கள். ஹரியானாவின் சுகோமாஜ்ரி கிராமத்தில் 1970களின் பிற்பகுதியில் சிறு மண் அணைகள் கட்டி மழைநீரைத் தேக்கியபோது, நிலம் உண்டா இல்லையா என்று பார்க்காமல் எல்லாக் குடும்பங்களுக்கும் சமபங்கு என்று வைத்தார்கள். நிலமற்ற குடும்பம் தன் பங்கை நிலம் உள்ளவருக்கு விற்றுக்கொள்ளலாம். இதுவும் தண்ணீர்ச் சந்தைதான்! ஆனால் இங்கே நிலமற்றவர் விற்பவராக நின்றார். மகாராஷ்டிரத்தில் 1972 பஞ்சத்துக்குப் பிறகு புரந்தர் வட்டத்தில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து இன்னும் ஒருபடி மேலே போனது. தண்ணீர்ப் பங்கு நிலத்தின் அளவுக்கு அல்ல, குடும்பத்தின் தலைக்கு. ஓர் ஆளுக்கு அரை ஏக்கர் நனைய, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கர் நனைய. நிலத்தை விற்றாலும் தண்ணீர் உரிமை கூடவே போகாது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. கரும்புக்குத் தண்ணீர் கிடையாது. இவை சின்ன முயற்சிகள்தாம், குறைகளும் உண்டு. ஆனால் தண்ணீர் வங்கி பற்றி நூறு பக்க அறிக்கை எழுதும் நம் வல்லுநர்கள் ஆஸ்திரேலியா வரை பறந்து போகிறார்கள், புரந்தருக்குப் பேருந்து ஏற மாட்டேன் என்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நம் ஏரிப்பாசனத்தில் மடையைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கண்ணால் அளந்து பாய்ச்சியவர்கள் நீர்க்கட்டிகள். தெற்கே மடைக்குடும்பர்கள். பல ஊர்களில் அவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். கலிங்கல் உடையப் போகிறதா என்று நள்ளிரவில் போய்ப் பார்த்தவர்கள் அவர்கள். நெல்லில் ஒரு பங்கு கூலியாகக் கிடைத்தது. தண்ணீரில் பங்கு இல்லை. 2000ஆம் ஆண்டில் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்து நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை அமைத்தார்கள். உறுப்பினராக, வாக்களிக்க, தலைவராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். ஏரியைத் தலைமுறை தலைமுறையாக நிர்வகித்தவர் அந்தச் சங்கத்துக்கு வெளியே நிற்கிறார், அவர் பாய்ச்சிய வயலின் சொந்தக்காரர் தலைவர். நாளை தண்ணீர்ச் சந்தையோ வங்கியோ வந்தால் உரிமை எழுதித் தரப்படப் போவது இந்தச் சங்கங்களின் பெயரில்தான்.

நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றினோம். 2013இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டோம். நிலத்தடி நீரைப் பொதுச்சொத்தாகக் கருதும் ஒன்றிய அரசின் 2017 மாதிரி மசோதா அலமாரியில் கிடக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்னமும் ஆட்சி செய்கிறது. நிலத்தடி நீரை நிலப்பட்டாவிலிருந்து பிரித்து மக்களின் பொதுச்சொத்தாக அறிவிக்காமல், பஞ்சமி நிலங்களைக் கணக்கெடுத்து மீட்காமல், இங்கே தண்ணீர் உரிமைக்குப் பதிவேடு திறக்கக் கூடாது. திறந்தால் பறித்தவர் பெயரே உரிமையாளர் பெயராக அதில் ஏறும். பிறகு அதை மாற்ற இழப்பீடு கொடுக்கச் சொல்வார்கள்.

சட்டமன்றம் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இல் தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் கிராம சபை கூடுகிறது. வழக்கமாக அன்று தண்ணீர்ச் சிக்கனம் பற்றி உறுதிமொழி வாசிப்பார்கள். ஏரிப் பாசனச் சங்கத்தில் நிலமற்ற குடும்பங்களுக்கும் வாக்குரிமை வேண்டும், ஏரியின் மீன் ஏலத்திலும் மரங்களிலும் வண்டலிலும் காலனிக்குச் சமபங்கு வேண்டும் என்ற தீர்மானத்தை அங்கே எழுதிக் கொடுக்கலாம். சபையில் எழுந்து நின்று அதை வாசிக்கலாம். நிறைவேற்ற மறுத்தால், மறுத்தவர்கள் சொல்லும் காரணத்தையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும்.